வரைகலை இயக்கியும் பழுதறி நெறியும்: ஒரு வரலாற்று நோக்கு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், வட செபராங் பிறை மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் தாசேக் கெலுகோர். தாசேக் என்பது ஏரியைக் குறிக்கும் மலாய்ச் சொல்; கெலுகோர் என்பது புளிப்புக் கனி நல்கும் மரத்தின் பெயர். 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழி இப்பெருநிலப் பகுதி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்து, வெல்லெஸ்லி மாநிலம் எனப் பெயர் பெற்றது. கரும்புத் தோட்டங்களும், அவற்றின்பின் ரப்பர்த் தோட்டங்களும் இங்கே எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர் காடு திருத்தினர்; பால் வெட்டினர்; லயங்களில் குடியமர்ந்து கோயிலும் பள்ளியும் கண்டனர். 1918ஆம் ஆண்டில் தாய்லாந்து எல்லை வரை நீண்ட இருப்புப் பாதை இவ்வூர் வழியாகவே செல்கின்றது.

அத்தோட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினித் திரையின் முன் அமர்ந்து, கண்காணாத் தொலைவிலுள்ளோருடன் இணையவழி விளையாடுகின்றனர். ஆட்டம் சூடுபிடிக்கும் வேளையில் திரை கறுத்துப் போகின்றது. அல்லது உருவங்கள் கோணல்மாணலாய்ச் சிதறுகின்றன. "கணினி கெட்டுவிட்டது" என்று பிள்ளை கூறுகின்றான். "புதிதாக வாங்க ஏது பணம்?" என்று தந்தை கலங்குகின்றார். ஆனால், கணினி கெடவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. கெட்டது எது, அதனைக் கண்டறிவது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை காண, ஏறத்தாழ நாற்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அவ்வரலாற்றில் பினாங்குக்கும் பங்குண்டு, தமிழுக்கும் பங்குண்டு.

பினாங்கின் பங்கு

வரியில்லாத் துறைமுகம் என்னும் தகுதியைப் பினாங்குத் தீவு 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் இழந்தது. வாணிபம் தளர்ந்தது, வேலையின்மை பெருகியது. 1969 முதல் 1990 வரை முதலமைச்சராய் விளங்கிய டாக்டர் லிம் சோங் இயூ அவர்களின் ஆட்சிக் காலத்தில், பாயான் லெப்பாஸ் பகுதியில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவாயிற்று. 1972ஆம் ஆண்டையொட்டி இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹித்தாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகிய எட்டு நிறுவனங்கள் அங்கே தடம் பதித்தன. அவற்றை 'எட்டுச் சாமுராய்கள்' என்று குறிப்பிடுவது பினாங்கு வழக்கம். இன்டெல் நிறுவனம் 5 ஏக்கர் நிலத்தில், ஏறத்தாழ 100 தொழிலாளருடன் தன் பணியைத் தொடங்கிற்று. 1975 மே மாதத்தில் அத்தொழிற்சாலை தீக்கிரையாயினும், தொழிலாளரின் முயற்சியால் மீண்டும் எழுந்தது.

வெளிநாட்டில் வார்க்கப்பட்ட சில்லுகளைப் பொன்னிழைகளால் பிணைத்து, உறையிட்டு, சோதித்து அனுப்பும் பணியே இத்தொழிற்சாலைகளில் தொடக்கத்தில் நடைபெற்றது. உருப்பெருக்கியின் வழியே மணிக்கணக்கில் நோக்கி, மயிரிழையினும் மெல்லிய கம்பியைப் பிணைத்த கைகள் இளம்பெண்களின் கைகளே. மலாய்க் கம்பங்களிலிருந்தும், சீனர் குடியிருப்புகளிலிருந்தும், தோட்டங்களிலிருந்தும் அவர்கள் தொழிற்சாலைப் பேருந்துகளில் வந்தனர். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் 1985ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் திறக்கப்படும் வரை, செபராங் பிறையிலிருந்து தீவுக்குச் செல்வோர்க்குப் பட்டர்வொர்த் படகுத்துறையே வாயிலாய் இருந்தது.

அன்று உறையிடப்பட்ட சில்லுகள் எண்களைக் கணக்கிட்டன. இன்றைய சில்லுகள் உருவங்களையும் தீட்டுகின்றன. 1998இல் இன்டெல் ஐ740 என்னும் வரைகலைச் சில்லை வெளியிட்டது. 2006இல் ஏ.எம்.டி. நிறுவனம் வரைகலைத் துறையில் பெயர் பெற்ற ஏ.டி.ஐ. நிறுவனத்தை 540 கோடி அமெரிக்க வெள்ளிக்கு விலைக்கு வாங்கியது. 2011 முதல் மையச் செயலியும் வரைகலை உறுப்பும் ஒரே சில்லில் இணைந்து வருதல் பரவலாயிற்று. 2016இல் ஏ.எம்.டி.யின் பினாங்குத் தொழிற்சாலை சீன நிறுவனம் ஒன்றுடனான கூட்டு நிறுவனமாக மாறிற்று. ஆகவே, திரையில் உருவம் தோன்றுவதும் மறைவதும் பினாங்கு மக்களுக்கு எங்கோ நிகழும் மாயமன்று. அவர்தம் அன்னையரும் பாட்டிமாரும் கைவைத்த தொழிலின் தொடர்ச்சியேயாகும்.

இயக்கி என்பது யாது?

பழைய தோட்ட ஆட்சியை நினைவிற்கொள்வோர்க்கு இயக்கியை விளக்குதல் எளிது. துரை ஆங்கிலத்தில் ஆணையிடுவார். தொழிலாளர்க்கு அம்மொழி தெரியாது. இடையில் நிற்கும் கிராணியார் அவ்வாணையைத் தமிழாக்கி, இன்ன நிரையில் இன்னார் இன்ன வேலை செய்க என வகுத்துரைப்பார். கிராணியார் பிழைபடக் கேட்டால், துரையும் தொழிலாளரும் குற்றமற்றவராயினும் வேலை கெடும்.

விளையாட்டு மென்பொருள் துரையைப் போல ஆணையிடுகின்றது. வரைகலைச் சில்லு தொழிலாளரைப் போல உழைக்கின்றது. இடையில் நின்று ஆணையைச் சில்லுக்குரிய மொழியில் மாற்றித் தருவதே வரைகலை இயக்கி. அதுவும் ஒரு மென்பொருளே. அதன் சுமையோ பெரிது. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட ஒரு திரையில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை படம் மாறுமெனில், நொடிதோறும் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு வண்ணம் குறிக்கப்படுதல் வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் கால அளவு ஏறத்தாழ 16.7 மில்லி நொடியே. இந்த விரைவில் நடைபெறும் மொழிபெயர்ப்பில் சிறு பிழை நேரினும் திரையில் அது பெரும் பிழையாகத் தோன்றும்.

தனித்தனியே உழைத்த காலம்

1981ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணினியை வெளியிட்டது. அதனுடன் வந்த வண்ண வரைகலை அட்டை 320க்கு 200 என்னும் அளவில் நான்கு வண்ணங்களையே ஒருசேரக் காட்ட வல்லது. 1984இல் வந்த அட்டை 16 வண்ணங்களையும், 1987இல் வந்த வி.ஜி.ஏ. அட்டை 256 வண்ணங்களையும் காட்டின. அக்காலத்தில் விளையாட்டு இயற்றுவோர் இயக்கி என்னும் இடையாளை நம்பியிருக்கவில்லை. அட்டையின் நினைவகத்திலேயே நேரே எழுதினர். இதனால் விரைவு கிட்டியது. ஆனால், ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனியே நிரல் எழுத வேண்டியதாயிற்று. விளையாட்டைத் தொடங்குமுன், "உம்மிடம் உள்ளது எந்த அட்டை?" என்று கணினி வினவும். விடை தெரியாதார் ஒவ்வொன்றாய்த் தேர்ந்து பார்ப்பர். பழுதறிதல் என்பது அன்று ஏறத்தாழக் குருட்டாட்டமாகவே இருந்தது.

1990இல் வந்த விண்டோஸ் 3.0 இந்நிலையை மாற்ற முற்பட்டது. அட்டை செய்வோரே இயக்கியை எழுதித் தருவர். மென்பொருள் இயற்றுவோர் விண்டோஸிடம் மட்டும் பேசினாற் போதும் என்னும் ஒழுங்கு வலுப்பெற்றது. அலுவலகக் கடிதமும் கணக்கும் எழுத இவ்வொழுங்கு பொருந்திற்று. விளையாட்டுக்கோ அதன் நடை மிக மெதுவாக இருந்தது. ஆகவே, விளையாட்டு இயற்றுவோர் பழைய டாஸ் முறையையே பற்றி நின்றனர்.

1994ஆம் ஆண்டு தந்த பாடம்

அவர்களைத் தன்பால் ஈர்க்க விரும்பிய மைக்ரோசாப்ட் நிறுவனம் 1994இல் விங்-ஜி என்னும் துணைநிரலை வெளியிட்டது. டிஸ்னி நிறுவனம் தன் 'தி லயன் கிங்' திரைப்படக் கதையைச் சிறுவர்க்கான குறுந்தட்டாக அதன்மேல் அமைத்து, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதே விழாக்காலத்தில் காம்பாக் நிறுவனத்தின் பிரசாரியோ கணினிகள் பல இல்லங்களுக்குப் பரிசாகச் சென்றன. அக்கணினிகளில் இருந்த காட்சி இயக்கியும் விங்-ஜி துணைநிரலும் ஒத்துப்போகவில்லை. கிறிஸ்துமஸ் காலையில் குறுந்தட்டை இட்ட குழந்தைகள் சிங்கக் குட்டியைக் காணவில்லை. செயலிழந்த திரையையே கண்டனர். டிஸ்னியின் உதவித் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன.

குற்றம் யாருடையது? கதைத்தட்டு ஒரு கணினியில் நன்றாகவே ஓடியது. கணினி பிற மென்பொருள்களை நன்றாகவே இயக்கியது. இரண்டும் கூடுமிடத்தில்தான் பழுது இருந்தது. இதுவே வரைகலை இயக்கிப் பழுதுகளின் அடிப்படை இயல்பு: தனித்தனியே நல்லவை சேர்ந்தவிடத்துப் பகையாகும்.

இந்நிகழ்ச்சி தந்த அதிர்ச்சியும் ஒரு தூண்டுகோலாக, 1995ஆம் ஆண்டு செப்டம்பரில் டைரக்ட்எக்ஸ் பிறந்தது. விளையாட்டுக்கும் இயக்கிக்கும் இடையே நிற்கும் எழுத்துவடிவ ஒப்பந்தம் என அதனைக் கருதலாம். இன்ன ஆணை வந்தால் இன்ன செயல் நிகழ்தல் வேண்டும் என அது வரையறுத்தது. இதற்கு முன்னரே, 1992இல், சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் ஓப்பன்ஜிஎல் என்னும் பொது வரையறையை வெளியிட்டிருந்தது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ என்னும் முப்பரிமாண அட்டையைக் கொணர்ந்து, கிளைடு என்னும் தனிமொழியைத் தன் அட்டைக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொண்டது. சில ஆண்டுகள் அம்மொழி அரசோச்சியது. ஆயினும், பொது வரையறைகளே இறுதியில் வென்றன. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் உடைமைகளை 2000ஆம் ஆண்டின் இறுதியில் என்விடியா விலைபேசி எடுத்துக்கொண்டது.

ஆயிரவர் கூடும் களம்

தனியொருவர் ஆடும் ஆட்டத்தில் திரை கறுத்தால் இழப்பு அவரோடு முடியும். இணைய விளையாட்டில் அவ்வாறன்று. ஒருவர் விழுந்தால் அவருடைய அணியே தளரும். 1997இல் அல்டிமா ஆன்லைன், 1999இல் எவர்குவெஸ்ட், 2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் எனப் பல்லாயிரவர் கூடும் விளையாட்டுகள் தோன்றின. இவற்றுள் எவர்குவெஸ்ட் முப்பரிமாண அட்டை இல்லாத கணினியில் ஓடவே ஓடாது என வெளிப்படையாக அறிவித்து வந்தது. மலேசியாவில் 1990ஆம் ஆண்டுகளில் மிமோஸ் அமைப்பின் ஜாரிங் சேவை வழி இணையம் பரவியது. 2001இல் டெலிகாம் மலேசியா ஸ்டிரீமிக்ஸ் என்னும் அகலக்கற்றைச் சேவையைத் தொடங்கியது. இணைய மையங்கள் சிற்றூர்களிலும் முளைத்தன. கொரிய நாட்டு ராக்னராக் ஆன்லைனும், கவுண்டர் ஸ்டிரைக்கும், பின்னர் டோட்டாவும் மலேசிய இளைஞரைக் கவர்ந்தன. 2018 நவம்பரில் டோட்டா 2 ஆட்டத்தின் பெரும்போட்டி ஒன்று கோலாலம்பூரில் நடைபெறும் அளவுக்கு அந்த ஆர்வம் வளர்ந்தது.

இணைய விளையாட்டு பழுதறிவோர்க்குப் புதியதொரு மயக்கத்தையும் தந்தது. உருவம் தயங்கித் தயங்கி நகர்ந்தால், அது இணையத் தொடர்பின் தாமதமா, வரைகலையின் தளர்ச்சியா? கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இணையத் தொடர்பு தாமதித்தால் பிற ஆட்டக்காரர் துள்ளித் துள்ளித் தோன்றுவர். ஆயினும் தன் பார்வையைத் திருப்பினால் காட்சி வழுவழுப்பாகத் திரும்பும். வரைகலை தளர்ந்தாலோ, பார்வையைத் திருப்புவதே தடைப்படும். இவ்வேறுபாட்டை அறியாதார் இயக்கியை மாற்றி மாற்றிச் சலிப்பர். பழுதோ தொலைபேசிக் கம்பியில் இருக்கும்.

குற்றம் யாருடையது?

2001இல் நிகழ்ந்த ஒன்று இயக்கியின் உள்ளியல்பைப் புலப்படுத்தியது. குவேக் 3 என்னும் விளையாட்டின் கோப்புப் பெயரைக் 'குவாக்' என்று ஆய்வாளர் மாற்றிப் பார்த்தனர். ஏ.டி.ஐ. அட்டையில் ஆட்டத்தின் விரைவு குறைந்தது. படத்தின் தெளிவு கூடியது. விளையாட்டின் பெயரைக் கண்டு இயக்கி தன் நடத்தையை மாற்றிக்கொண்டது என்பது வெளியாயிற்று. பெரும் விளையாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தங்களை இயக்கியினுள் வைத்தல் இன்றும் நடைமுறையே. புதிய விளையாட்டு வெளிவரும்போதெல்லாம் புதிய இயக்கியும் வெளிவருவதன் காரணம் இதுவே. ஒன்றுக்குச் செய்த திருத்தம் மற்றொன்றைக் கெடுத்தலும் இதனாலேயே நேர்கின்றது.

2007இல் விண்டோஸ் விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்தபோது, இயக்கிகளின் கட்டமைப்பே மாற்றப்பட்டது. வரைகலை உறுப்பு இரண்டு நொடிகளுக்குள் விடையளிக்காவிடில், கணினி முழுவதையும் வீழவிடாமல் இயக்கியை மட்டும் மீளத் தொடங்கும் ஏற்பாடு அதில் அமைந்தது. நோக்கம் நன்று. ஆனால், புதிய கட்டமைப்புக்கு ஏற்ற இயக்கிகள் முதிராத நிலையில் வந்தமையால் முதலாண்டில் பழுதுகள் மலிந்தன. பின்னர் நீதிமன்ற வழக்கொன்றில் வெளியான மைக்ரோசாப்ட் ஆவணத்தின்படி, பதிவான வீழ்ச்சிகளுள் 28.8 விழுக்காடு என்விடியா இயக்கிகளைச் சார்ந்தது. மைக்ரோசாப்டின் சொந்த நிரல்களைச் சார்ந்தது ஏறத்தாழ 18 விழுக்காடு.

2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 எண்ணுடைய இயக்கி வேறொரு பாடம் புகட்டிற்று. அது சில அட்டைகளில் காற்றாடியின் சுழற்சியைச் சரிவர ஆளவில்லை. அட்டைகள் மிகையாய்ச் சூடேறின. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் தன் ஆட்டக்காரரை எச்சரித்து, பழைய இயக்கிக்கே திரும்புமாறு அறிவுறுத்தியது. என்விடியாவும் அவ்வியக்கியைத் திரும்பப் பெற்றது. புதியது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. மென்பொருள் என்பதனால் அது வன்பொருளைக் கெடுக்காது என்பதும் இல்லை.

2021 ஜூலையில் இதற்கு மறுதலையான நிகழ்ச்சி நேர்ந்தது. அமேசான் நிறுவனத்தின் நியூ வேர்ல்ட் என்னும் இணைய விளையாட்டின் முன்னோட்டத்தின்போது, விலையுயர்ந்த ஆர்.டி.எக்ஸ். 3090 அட்டைகள் சில அடியோடு செயலிழந்தன. விளையாட்டின்மேல் பழி விழுந்தது. இயக்கியின்மேலும் ஐயம் எழுந்தது. அட்டை செய்த இ.வி.ஜி.ஏ. நிறுவனம் திரும்பி வந்த அட்டைகளை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தது. ஏறத்தாழ இருபத்து நான்கு அட்டைகளில் மின்னாற்றலை ஒழுங்குபடுத்தும் உறுப்புகளைச் சூழ்ந்த பற்றவைப்பு சரியில்லை என்பது கண்டறியப்பட்டது. மென்பொருளைப் பார்த்துக் குற்றம் சாட்டிய விரல்கள், இறுதியில் பற்றவைப்புத் துளியொன்றைச் சுட்டி நின்றன. உருப்பெருக்கியின் முன் அமர்ந்து பிணைப்பைச் சோதித்த பினாங்குத் தொழிலாளியின் பணி எத்துணைப் பொறுப்பு மிக்கது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பழுதறி நெறி

இந்நிகழ்ச்சிகள் யாவும் சேர்ந்து ஒரு நெறியை வகுத்துத் தந்துள்ளன. இந்நெறி தமிழர்க்குப் புதிதன்று. நோய் இன்னதெனத் தெளிந்து, அது தோன்றிய காரணத்தைக் கண்டு, தீர்க்கும் வழியை ஆராய்ந்து, அதன்பின்னரே மருந்தளிக்க வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் வழி. கணினிக்கும் இம்முறையே பொருந்தும்.

முதலாவது, அறிகுறியைத் திருத்தமாகக் குறித்தல். "ஓடவில்லை" என்பது அறிகுறியன்று. திரை கறுத்ததா, நீலமாயிற்றா, உருவங்கள் சிதறினவா, ஆட்டம் மட்டும் மூடிக்கொண்டதா, கணினியே அணைந்ததா? கணினி அடியோடு அணைந்தால் மின்வழங்கியையும் வெப்பத்தையும் ஐயுறுதல் முறை. ஆட்டம் மட்டும் மூடினால் இயக்கியையும் விளையாட்டுக் கோப்புகளையும் ஐயுறலாம். கணினியைத் தொடங்கும்போதே, விண்டோஸ் தோன்றுமுன்னரே, புள்ளிகள் சிதறித் தெரிந்தால் குற்றம் இயக்கியினுடையதன்று. அந்நேரத்தில் இயக்கி பணியேற்கவேயில்லை.

இரண்டாவது, மாற்றத்தைத் தேடுதல். நேற்று நன்றாக ஓடியது இன்று ஓடவில்லையெனில், இடையில் மாறியது யாது? விண்டோஸ் தானே புதுப்பித்துக்கொண்டதா? விளையாட்டு திருத்தம் பெற்றதா? புதிய இயக்கி இடப்பட்டதா? மாறியதைக் கண்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல். இயக்கியையும் மாற்றி, அமைப்புகளையும் மாற்றி, விளையாட்டையும் மீள இட்டு, அதன்பின் சரியாயிற்று என்றால், எதனால் சரியாயிற்று என்பதை ஒருவராலும் கூறவியலாது. பழுது மீண்டும் வரும்போது தேடலும் முதலிலிருந்தே தொடங்கும்.

நான்காவது, மாற்றி வைத்துச் சோதித்தல். அதே அட்டை வேறொரு கணினியில் நன்கு இயங்கினால் அட்டை குற்றமற்றது. அதே கணினியில் பிற விளையாட்டுகள் ஓடினால் ஐயம் அவ்விளையாட்டின்பால் குறுகும். மாணவர் பயன்படுத்தும் மடிக்கணினிகள் பலவற்றில் இரு வரைகலை உறுப்புகள் உள்ளன. செயலியோடு இணைந்தது ஒன்று, தனித்தது மற்றொன்று. வலிமை குன்றியதில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க, உரியவர் பழுதென்று எண்ணிக் கடைக்குச் செல்லுதல் உண்டு. அமைப்பில் ஒரு தேர்வை மாற்றினால் தீர்வது அது.

ஐந்தாவது, இயக்கியைத் தூய்மையாக நீக்கி, மீள இடுதல். பழைய இயக்கியின் எச்சங்கள் புதியதோடு முரணுவது உண்டு. ஆகவே, பாதுகாப்பு நிலையில் கணினியைத் தொடங்கிப் பழையதை முற்றாக நீக்கி, சில்லு செய்தோரின் அல்லது மடிக்கணினி செய்தோரின் இயக்கியை மட்டுமே இடுதல் நன்று. புதியதில் பழுது வந்தால் பழையதற்குத் திரும்புதல் இழுக்கன்று. 2010ஆம் ஆண்டின் பாடம் அது.

ஆறாவது, வெப்பத்தையும் தூசியையும் மறவாமை. ஆண்டு முழுதும் வெம்மையும் ஈரமும் மிக்க பினாங்கில், காற்றாடியில் தூசி படிந்த கணினி ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் தளர்வது இயல்பே. ஒரு தூரிகையால் தீரும் பழுதுக்குப் புதிய அட்டை வாங்குதல் அறியாமையின் விலையாகும்.

தமிழெழுத்து பட்ட பாடு

திரையில் வருவது ஒன்று, வர வேண்டியது ஒன்று என்னும் துன்பத்தைத் தமிழ் தன் சொந்த எழுத்திலேயே பட்டறிந்துள்ளது. 1985இல் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். தொடர்ந்து தமிழகத்திலும் சிங்கப்பூரிலும் ஈழத்தமிழர் வாழும் நாடுகளிலும் பற்பல எழுத்துருக்கள் தோன்றின. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒருவர் அனுப்பிய கட்டுரை மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளின் குவியலாய் விரிந்தது. கட்டுரையும் கெடவில்லை, கணினியும் கெடவில்லை, இடையிலிருந்த மொழிபெயர்ப்பே கெட்டது. ஒவ்வோர் அட்டைக்கும் தனி நிரல் எழுதிய விளையாட்டுக் காலத்துக்கும் இதற்கும் வேறுபாடு ஏது?

தீர்வும் அதே வழியில் வந்தது. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. தமிழ்99 விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 1991இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000 அதனைத் திரையில் காட்டும் திறனோடு வந்தது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது.

கெலுகோர் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முதலெழுத்தாகிய 'கெ' கணினியின் நினைவில் ககரம் முன்னும் எகரக் குறி பின்னுமாகப் பதிகின்றது. திரையிலோ கொம்பு முன்னே நிற்றல் வேண்டும். 'கோ' என்னும் எழுத்திலோ குறி இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிற்றல் வேண்டும். இடையிலுள்ள மென்பொருள் இம்முறைமையை அறியாவிடில், கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு தொங்கும். அப்பிழையைக் கண்ட ஆசிரியர் ஆவணத்தை மீளத் தட்டச்சிடுவதில் பயனில்லை. பழுது ஆவணத்தில் இல்லை. விளையாட்டுத் திரையில் பழுதறியக் கற்ற மாணவன் தமிழ்த் திரையிலும் பழுதறிவான். இரண்டுக்கும் நெறி ஒன்றே.

வரலாறு உணர்த்துவது

இந்நாற்பது ஆண்டு வரலாற்றில் மூன்று படிகள் தெளிவாகத் தெரிகின்றன. தத்தம் வழியில் தனித்தனியே உழைத்த காலம் முதற்படி. பொது ஒப்பந்தத்தை ஏற்ற காலம் இரண்டாம் படி. ஒப்பந்தத்தையும் மீறி எழும் பழுதுகளை ஆராய்ந்து களையும் நெறியை வளர்த்த காலம் மூன்றாம் படி. முதலிரு படிகளையும் நிறுவனங்கள் அமைத்தன. மூன்றாம் படியைப் பெரிதும் வளர்த்தோர் பெயர் தெரியாத பயனாளர்களே. என்ன நிகழ்ந்தது, எந்த அட்டை, எந்த இயக்கி, எதனை மாற்றியபின் தீர்ந்தது எனத் தாம் கண்டதைப் பிறர்க்கு எழுதி வைத்த பொறுமையே அவர்களின் தொண்டு.

அத்தொண்டில் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. செபராங் பிறையின் தமிழ்ப்பள்ளி மாணவன் தன் கணினியின் பழுதைத் தேடும்போது, ஆங்கிலத்திலும் மலாயிலும் விடை பெறுகின்றான். தமிழில் வினவுதற்குரிய சொல்லும் அவனிடம் இருப்பதில்லை. இயக்கி, எழுத்துரு, குறியீட்டு முறை, மின்வழங்கி என்னும் சொற்கள் அகராதியில் உறங்கினாற் போதாது. வகுப்பறையில் வழங்குதல் வேண்டும். அறிகுறி, காரணம், சோதனை, தீர்வு என்னும் நான்கு தலைப்பில் தான் களைந்த ஒரு பழுதைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு ஆசிரியர் பணித்தால், அம்மாணவன் மொழியையும் கற்பான். ஆராய்ச்சி முறையையும் கற்பான்.

விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுவோர் உளர். அவர் அஞ்சுவதிலும் பொருளுண்டு. எனினும், திரை கறுத்த அந்நொடியில் ஆட்டக்காரன் இரு வழிகளின் முன் நிற்கின்றான். சினந்து மேசையைத் தட்டுவது ஒரு வழி; ஏன் என்று வினவுவது மற்றொரு வழி. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குச் சென்ற தலைமுறை, பிறர் வரைந்த சில்லைப் பிணைத்துச் சோதித்துத் தந்தது. ஏன் என்று வினவக் கற்ற தலைமுறையே சில்லைத் தானே வரையும் மேசைக்குச் செல்லும். அவ்வினாவைத் தமிழில் கேட்கப் பழக்குதல் தமிழாசிரியர்க்கு உரிய கடமையாகும்.